சபையின் விரல்

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர் என்னும் டச்சுக்காரரின் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தில், கோட்டைக்குள் மோதிரச் சபை என்று ஒன்று இருந்தது. அதன் முழுப் பெயர் உத்தம ஆபரண லட்சணப் பரீட்சைச் சபை. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் படகு கரையைவிட்டுப் போய்விடும் என்பதால் ஏரிக்கரைக் குப்பங்களில் யாரும் அதைச் சொல்வதில்லை.

கோல்கொண்டாப் பக்கத்திலிருந்து வரும் வைரங்களும், அவற்றைப் பதித்த மோதிரங்களும் கப்பலேறுவதற்கு முன் இந்தச் சபையின் பார்வைக்கு வந்தாக வேண்டும். பொன்வேலை நேர்த்தியானதா, பற்றவைத்த இடம் கண்ணுக்குத் தெரிகிறதா, கல்லுக்குள் தண்ணீர் ஓடுவதுபோல ஓர் ஒளி தெரியுமே, நீரோட்டம் என்பார்களே, அது இருக்கிறதா என்றெல்லாம் சபை ஆராயும். ஆராய்ந்து, முதல் தரம் என்றோ தள்ளுபடி என்றோ அரக்கு முத்திரை வைக்கும். முத்திரை விழுந்த பிறகு அந்த மோதிரத்தைப் பற்றி வேறு யாரும் வேறு அபிப்பிராயம் வைத்திருக்கக் கூடாது. வைத்திருப்பவருக்குக் கசையடி உண்டு.

சபையில் மூன்று பேர். தலைவர் கொர்னேலிஸ் துரை. இதற்கு முன் வெடிமருந்துச் சாலையில் பீப்பாய் எண்ணிக்கொண்டிருந்தவர். எண்ணிக்கை அடிக்கடி தவறியதால், எண்ணத் தேவையில்லாத வேலையாகப் பார்த்து இங்கே போட்டிருந்தார்கள். அடுத்தவர் யாக்கோப் துரை. அவருக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அந்தக் கண்ணை இடுக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பது அச்சு அசலாக ரத்தினப் பரீட்சகர் உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்ததால் சபையில் சேர்த்தார்கள். பெரும்பாலும் அவர் தூங்கிக்கொண்டிருப்பார். மூன்றாமவர் துபாஷி வீரராகவன். துரைமார் பேசுவதைத் தமிழிலும், தமிழர் பேசுவதைத் துரைமார் பாஷையிலும் மாற்றிச் சொல்பவர். மூவரில் அவருக்கு மட்டும் கல்லும் பொன்னும் உண்மையிலேயே தெரியும். அதைவிட நன்றாக, எந்த மோதிரத்தை யார் கொண்டுவந்தார்கள் என்பது தெரியும். ஆகவே முன்னால் சொன்ன அறிவுக்கு அவர் வேலை கொடுப்பதில்லை.

ஒரு சமயம் மேலிடத்திலிருந்து கப்பலில் ஒரு விதி வந்தது. மோதிரத்தின் லட்சணத்தை மேசைமேல் வைத்துப் பார்ப்பது போதாது, விரலில் இட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. நியாயமான விதிதான். ஆனால் பழவேற்காட்டு வெயிலில் துரைமாரின் விரல்கள் வேகவைத்த வள்ளிக்கிழங்குபோல் ஊதியிருந்தன. எந்த மோதிரமும் முதல் கணுவைத் தாண்டவில்லை. துபாஷியின் விரல்களிலோ ஏற்கெனவே மோதிரங்கள் குடியிருந்தன. அவை எங்கிருந்து வந்தன என்று யாராவது கேட்டுவிடக் கூடாதே என்பதற்காக அவர் கைகளை எப்போதும் அங்கவஸ்திரத்துக்குள்தான் வைத்திருப்பார்.

சபைக்கு ஒரு விரல் தேவைப்பட்டது.

அன்று காலையில்தான் கோட்டைக்குப்பத்து எல்லப்பன், கோட்டை மடைப்பள்ளிக்கு ஒரு கூடை மடவை மீன் கொண்டுவந்தான். இளம் வயதுக்காரன், மெலிந்த ஆள். கூடையை இறக்கிவிட்டுத் திரும்பியவனைச் சிப்பாய் பிடித்துச் சபைக்கு இழுத்துப் போனான்.

"கையை நீட்டுடா" என்றார் துபாஷி.

"நான் ஒண்ணும் எடுக்கல சாமி. மீன வச்சிட்டுப் போவத்தான் வந்தேன்."

"உன்னை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. கையைத்தான் கேட்கிறோம்."

கை கேட்டவர்கள் அடுத்து என்ன கேட்பார்கள் என்று தெரியாமல் எல்லப்பன் இரண்டையும் நீட்டினான். வலது கை முழுக்க வலைக்கயிறு அறுத்த தழும்புகள். இடது கை மோதிர விரல் மட்டும் நீளமாக, தழும்பில்லாமல் இருந்தது. கொர்னேலிஸ் துரை அந்த விரலைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். தலையாட்டினார்.

எல்லப்பனுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. குனிந்து துபாஷியின் காதருகே, "சாமி, அது பீச்சாங்கை" என்றான்.

துபாஷிக்கு அது தெரியாதா? காலைக்கடன் கழித்துவிட்டு எந்தக் கையால் கழுவுவது என்பதில் துபாஷிக்கும் எல்லப்பனுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் துரை ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு அதில் குறை சொல்வது துபாஷியின் வழக்கம் அல்ல.

"இவன் என்ன சொல்கிறான்?" என்று துரை கேட்டார்.

"தன் பரம்பரையில் இப்படி ஒரு கௌரவம் எந்த விரலுக்கும் கிடைத்ததில்லை என்று நெகிழ்கிறான்" என்றார் துபாஷி.

விரலுக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்தார்கள். மற்ற நான்கு விரல்களையும் ஒரு சிப்பாய் மடக்கிப் பிடித்துக்கொள்ள, மோதிர விரல் தனியாக நிமிர்ந்து நின்று, ராஜ விசுவாசத்துடன் நடந்துகொள்வதாக உறுதி கொடுத்தது. வெளியே பீரங்கி ஒரு முறை வெடித்தது. பிறகு துபாஷி விதிகளைச் சொன்னார். அந்த விரல் இன்று முதல் சபையின் கருவி. அது வலை இழுக்கக் கூடாது. துடுப்புப் பிடிக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் படக் கூடாது. சேற்றில் இறங்கக் கூடாது. விரலுக்கு நாள்தோறும் படியரிசி உண்டு. விரலின் அளவுக்கு எவ்வளவு அரிசி நியாயமோ அவ்வளவு.

"சாமி, வல இழுக்காம நான் இன்னா பண்ணுவேன்?"

"நீ என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொள். விரல் பண்ணக் கூடாது."

அன்று மாலை எல்லப்பன் விரலில் பட்டுத்துணி சுற்றிக்கொண்டு குப்பத்துக்குத் திரும்பினான். அவன் மனைவி ருக்கு வாசலில் இறாலுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் கேட்டாள். கேட்டு முடித்து, பட்டுத்துணியை ஒரு தரம் பார்த்தாள்.

"நல்லா கீது போ. வெரலுக்கு வேல கெடச்சிடுச்சி, ஆளுக்கு வேல பூட்சி."

அடுத்த நாளிலிருந்து படகில் ருக்குதான் வலை இழுத்தாள். எல்லப்பன் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஒற்றைக் கையால் படகு தள்ளினான். எதிரே வந்த படகுக்காரர்கள் எல்லாம், யாருக்கு ஆசீர்வாதம் செய்கிறான் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

முதல் பரீட்சைக்கு வந்த மோதிரம் நெல்லூர்ப் பக்கத்துப் பத்தர் ஒருவர் செய்தது. மெல்லியது. பொன்னைப் பற்றவைத்த இடம் எங்கே என்று தேடினாலும் தெரியாது. உள்பக்க விளிம்பை இழைத்து இழைத்து வழவழப்பாக்கியிருந்தார். சின்னக் கல்தான். ஆனால் ஜன்னல் வெளிச்சம் பட்டதும் எதிர்ச்சுவரில் தண்ணீர் அலைந்தது. எல்லப்பன் விரலில் அது சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொண்டது.

சபை சோதனையைத் தொடங்கியது. கொர்னேலிஸ் துரை கல்லின்மேல் வாய்வைத்து ஊதினார். ஊதிய ஆவி கல்லில் தங்காமல் உடனே மறைந்தால் வைரம் என்பது கணக்கு. பிறகு யாக்கோப் துரையை எழுப்பினார்கள். அவரும் ஊதினார். அடுத்தது நாக்குச் சோதனை. வைரம் நாக்கில் பட்டால் ஜில்லென்று இருக்குமாம். கொர்னேலிஸ் துரை அந்த விரலைப் பிடித்து, கண்ணை மூடி, நிதானமாக நக்கிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று துபாஷி கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாக்கோப் துரையும் நக்கினார். கொஞ்சம் உப்பாக இருக்கிறது என்றார். கடல் காற்று என்று துபாஷி விளக்கினார்.

இதற்குள் எல்லப்பன், மோதிரம் போட்டிருப்பதே மறந்து, அதே கையால் மூக்கைச் சொறிந்தான்.

"தள்ளுபடி" என்றார் கொர்னேலிஸ் துரை. எழுந்து நின்று காரணத்தையும் சொன்னார். "கனவான்களே, மோதிரம் எதற்காக? பிறர் பார்ப்பதற்காக. இந்த ஆளைப் பாருங்கள். அணிந்திருப்பவனுக்கே அணிந்திருப்பது தெரியவில்லை. அப்படியானால் அடுத்தவனுக்கு எப்படித் தெரியும்? பற்றவைத்த இடம் எங்கே என்று நான் தேடினேன், இல்லை. வேலை செய்த அடையாளமே இல்லாத பொருளில் வேலைப்பாடு இருப்பதாக நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

இப்படியே பல மோதிரங்கள் வந்தன. நல்லவை தள்ளுபடியாகித் துபாஷியின் அங்கவஸ்திரத்துக்குள் போயின. மற்றவை முத்திரை வாங்கிக் கப்பலேறின. எல்லப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருநாள் மட்டும் தாங்க முடியாமல், "சாமி, நேத்து போட்டது எவ்ளோ நல்லா இருந்திச்சி, அத ஏன் தள்ளிட்டாங்கோ?" என்று கேட்டான்.

"விரலுக்குக் கருத்து கிடையாது" என்றார் துபாஷி.

அந்தச் சமயத்தில் பெரிய துரையின் பிறந்தநாள் விருந்து நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய துரைதான் கோட்டைக்கு அதிபதி. அவருக்குப் பரிசாக அவருடைய மைத்துனர் ஒரு வைர மோதிரம் செய்வித்துச் சபைக்கு அனுப்பினார். மைத்துனர் அனுப்பிய பெட்டி மேசைக்கு வந்ததுமே சபை எழுந்து நின்றது. பெட்டி திறப்பதற்கு முன்பே கொர்னேலிஸ் துரை அரக்கை உருக்கச் சொல்லி, முதல் தரம் என்ற முத்திரையைக் குத்திவிட்டார்.

"திறந்து பார்த்துவிட்டு முத்திரை வைப்பது வியாபாரிகளுக்கு" என்றார். "கனவான்களின் பெட்டியைத் திறந்து பார்ப்பதே சந்தேகப்படுவதற்குச் சமம். இந்தச் சபை யாரையும் சந்தேகிப்பதற்காக ஏற்பட்டதல்ல."

பிறகு, விதி இருக்கிறதே என்பதற்காகத் திறந்தார்கள். நண்டு கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு மோதிரம். கல்லைப் பிடித்திருந்த கொக்கிகள் ஆளுக்கொரு திசையில் பார்த்தன. பற்றவைத்த இடம் கிழிந்த பாயைத் தைத்ததுபோல் தடித்திருந்தது. உள்விளிம்பு கத்தி. துபாஷி அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு, இதற்குமேல் ஒரு மோதிரம் உலகத்தில் எதற்கு என்று உருகினார்.

எல்லப்பன் விரலில் அது போகவில்லை. விளக்கெண்ணெய் தடவி, சிப்பாய் ஒருவன் திருகித் திருகி இறக்கினான். தோல் வழன்று ரத்தம் கசிந்தது.

"ஐயோ, கடிக்குது சாமி! கயட்டச் சொல்லு சாமி!"

"என்ன சொல்கிறான்?"

"மோதிரம் தன்னை உறுதியாகப் பற்றிக்கொண்டது என்கிறான்."

"பிடிப்பு!" என்று கொர்னேலிஸ் துரை மேசையைத் தட்டினார். "வேலைப்பாட்டின் உயிரே பிடிப்புதான். முன்னே வந்த மோதிரங்களை இவன் மறந்துபோனான். இதை மறப்பானா?"

மறக்கவில்லை. கழற்ற முயன்றபோது அது வரவில்லை. ஒரு சிப்பாய் எல்லப்பனின் இடுப்பைக் கட்டிக்கொள்ள, இன்னொருவன் மோதிரத்தை இழுத்தான். எல்லப்பன் மொத்தமாக வந்தான், மோதிரம் வரவில்லை. மதியச் சாப்பாட்டு வேளை ஆகிவிட்டதால் சபை கலைந்தது.

மறுநாள் விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. எல்லப்பனைக் கோட்டைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். வலி தாங்காமல் முனகிக்கொண்டு கிடந்தான். விருந்தில் பெரிய துரைக்குப் பக்கத்தில் இவனை நிறுத்தி, இவன் கையைத் துரையின் கைபோல் நீட்டிவைத்தால் என்ன என்று யாக்கோப் துரை யோசனை சொன்னார். மீன் வாடை வரும் என்பதால் அது தள்ளுபடியாயிற்று. கோட்டை வைத்தியர் வந்து பார்த்தார். மோதிரத்தை அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் விரலை அறுக்க வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் ஆள் போய்விடுவான் என்றார்.

"மோதிரத்த அறுத்துடுங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று எல்லப்பன் துபாஷியின் காலைப் பிடித்தான்.

சபை கூடி ஆலோசித்தது. கொர்னேலிஸ் துரை பேசியபோது அவர் குரல் தழுதழுத்தது.

"எனக்கும் மனம் இல்லாமல் இல்லை. ஆனால் முதல் தர மோதிரம் ஒன்றுதான் இருக்கிறது. இந்த மனிதனிடம் இதைத் தவிர இன்னும் ஒன்பது விரல்கள் இருக்கின்றன. மேலும் விரல் சபையின் உடைமை. சபை தன் உடைமையைத் தியாகம் செய்கிறது. இதில் இழப்பு நமக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் விரலை மரியாதையுடன் வெட்டி எடுப்பது என்று முடிவாயிற்று. அதற்கு முன், விரல் தன் வீட்டாரிடம் விடைபெற்றுக்கொள்ளச் சபை பெருந்தன்மையோடு ஓர் இரவு அனுமதி கொடுத்தது. காவலுக்கு ஒரு சிப்பாயும் கூட வந்தான். குப்பத்துப் பனைமரத்தடியில் கள் கிடைக்கும் என்று தெரிந்ததும் சிப்பாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

ருக்கு விரலைப் பார்த்தாள். வாயில் வந்ததை எல்லாம் சொல்லிச் சபையைத் திட்டினாள். அவற்றை அச்சில் ஏற்ற முடியாது. திட்டிக்கொண்டே மீன் வெட்டும் கத்தியை எடுத்தாள்.

எல்லப்பன் அலறினான். "நீயும் வெரல வெட்டப் போறியாடி?"

"மூடிக்கினு கையக் காட்டுய்யா."

கத்தி முனையைப் பற்றவைத்த இடத்தில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். இரண்டாவது நெம்புக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. நண்டு ஓடு பிளக்கிறதுபோல் மோதிரம் விரிந்தது. கல் தெறித்து அம்மியில் மோதி இரண்டு துண்டாயிற்று. எல்லப்பன் விரலை வாயில் வைத்துக்கொண்டு சிறுபிள்ளை மாதிரி அழுதான். ருக்கு விளக்கைக் கிட்டே கொண்டுபோய் உடைந்த இடத்தைப் பார்த்தாள்.

"அய்ய, இது இன்னாய்யா? உள்ள பித்தள! கல்லு, புட்டிக் கண்ணாடி!"

எல்லப்பனுக்கு அழுகையிலும் சந்தோஷம் வந்தது. "அப்ப நம்ம மேல தப்பு இல்ல ருக்கு. நாளைக்கே எடுத்தும்போய்க் காட்டலாம். தொரைங்கள யாரோ ஏமாத்திக்கீறான். சொன்னா சந்தோசப்படுவாங்கோ."

"எந்தக் காலத்துல கீற நீ?" என்றாள் ருக்கு. ஆனாலும் ஓடி ஒளிய ஏரியில் இடம் இல்லை. காலையில் துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு அவளும் அவனோடு கோட்டைக்குப் போனாள்.

துண்டுகள் மேசைமேல் கிடந்தன. சபை வெகுநேரம் அவற்றைப் பார்க்காமல் இருந்தது. பித்தளை எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த யாக்கோப் துரையின் கண்ணில்கூடப் பட்டது. கடைசியில் கொர்னேலிஸ் துரையின் முகம் தெளிந்தது. எழுந்தார்.

"கனவான்களே, சபை முதல் தரம் என்று முத்திரை வைத்த மோதிரம் உடையுமா? உடையாது. இது உடைந்திருக்கிறது. சபை முத்திரை வைத்தது பொன். இது பித்தளை. சபை முத்திரை வைத்தது வைரம். இது கண்ணாடி. ஆகவே இது அந்த மோதிரமே அல்ல. அப்படியானால் அந்த உத்தமமான மோதிரம் எங்கே? இந்த விரலில்தான் கடைசியாக இருந்தது. இந்தத் திருடன் அதை ஒளித்துவைத்துக்கொண்டு ஒரு போலியை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறான்!"

துபாஷி இதைத் தமிழில் சொன்னதும் எல்லப்பன் மேசையருகே ஓடினான்.

"சாமி, நீங்களே சொல்லுங்க. உங்க கண்ணு முன்னாலதான் மாட்டுனாங்கோ! இந்த மோதரந்தான் சாமி!"

துபாஷி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "இரண்டு நாளில் மோதிரம் வந்தாக வேண்டும். வராவிட்டால் அடுத்த கப்பலில் உன்னைக் கடல் கடந்து பத்தாவிப் பட்டணத்துக்கு அடிமையாக ஏற்றிவிடுவார்கள்" என்றார்.

அப்படி ஏறிப்போனவர்களைக் குப்பத்துக்குத் தெரியும். யாரும் திரும்பி வந்ததில்லை. எல்லப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான். ருக்கு அவனைப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். இவர்களுக்கு உண்மை வேண்டாம், மோதிரம்தான் வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது.

"உண்மையச் சொல்லிடுறேன் சாமி" என்றாள். "நல்ல மோதரந்தான் இவரு கையில இருந்திச்சி. படகுல வரும்போது வழுக்கி ஏரில வுழுந்துடுச்சி. பயந்துகினு எவன்கிட்டயோ ஒரு பித்தளய வாங்கி உடச்சி எடுத்தாந்தோம்."

சபை பெருமூச்சு விட்டது. கொர்னேலிஸ் துரை அந்தப் பெண்ணைப் புன்னகையோடு பார்த்தார். கோட்டையில் அன்று உண்மை பேசியவள் அவள் ஒருத்திதான் என்று பாராட்டினார்.

மறுநாள் ஏரியில் தேடல் தொடங்கியது. கோட்டைக்குப்பத்துப் படகுகள் அனைத்தையும் சபை எடுத்துக்கொண்டது. நடுவில் குடை பிடித்த படகில் கொர்னேலிஸ் துரையும் யாக்கோப் துரையும். பக்கத்தில் துபாஷி. சுற்றிலும் குப்பத்து ஆண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் முழுகி முழுகிக் கூடை கூடையாகச் சேறு எடுத்தார்கள். அதைத் துபாஷி சல்லடையில் அலசினார். துரைமார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். நத்தைகள் கிடைத்தன. ஒவ்வொரு நத்தையையும் கொர்னேலிஸ் துரை ஊதிப் பார்த்துவிட்டுத்தான் தூக்கிப் போட்டார்.

இரண்டு நாள் கெடு போயிற்று. பெரிய துரையின் விருந்து வரை சபை அதை நீட்டியது. யாரும் மீன் பிடிக்கப் போக முடியவில்லை. ஏரி கலங்கிச் செம்மண் குட்டையாகிவிட்டது. குப்பத்தில் அடுப்புகள் அணைந்தன. பக்கத்து வீட்டு முனியம்மாள் ருக்குவின் வாசலில் வந்து நின்றாள்.

"ஏண்டி, உன் புருசனக் காப்பாத்த நீ ஒரு பொய்யச் சொல்லிட்ட. எங்க புள்ளைங்கல்லாம் பட்டினி கெடக்குதுங்க. இல்லாத மோதரம் என்னைக்குக் கெடச்சி, நாங்க என்னைக்கு வல போடுறது?"

முனியம்மாள் சொன்னதில் தப்பு இல்லை.

மறுநாள் காலை, எல்லப்பனின் படகில் சேற்றுக் கூடைகளுக்கு நடுவே ருக்கு உட்கார்ந்திருந்தாள். துபாஷியின் படகு கிட்டே வந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து, இடது கால் விரலிலிருந்த மெட்டியைக் கழற்றினாள்.

எல்லப்பன் துடுப்பை விட்டுவிட்டான். "இன்னாடி பண்ற? புருசன் உசுரோட இருக்கும்போது மெட்டியக் கயட்டுறியே!"

"புருசன் உசுரோட இருக்கத்தான்யா கயட்டுறேன்" என்று மெட்டியைச் சேற்றுக்குள் அழுத்தினாள்.

அந்தக் கூடை சல்லடைக்குப் போயிற்று. சேறு கரைந்து ஓடியதும் அடியில் ஒரு வெள்ளி வளையம் மின்னியது. மீன்முள் கோடு வெட்டிய, வாய் சேராத வளையம். துபாஷி அதை எடுத்தார். இதே மாதிரி ஒன்றை எத்தனை நாள் தம் மனைவி லோகநாயகியின் காலில் பார்த்திருப்பார்! அவருடைய கண் மெதுவாக எழுந்து, எதிர்ப் படகில் உட்கார்ந்திருந்த ருக்குவின் காலுக்குப் போயிற்று. வலது கால் விரலில் மெட்டி இருந்தது. இடது கால் விரலில் மெட்டி கிடந்த வெளிறிய தடம் மட்டும் இருந்தது. ருக்கு காலை இழுத்துக்கொள்ளவில்லை. துபாஷியையே நேராகப் பார்த்தாள்.

துபாஷி யோசித்தார். மெட்டி என்று சொன்னால் நாளையும் இந்தச் சேற்றில் உட்கார வேண்டும். மேலும், பித்தளை மோதிரத்துக்கு விழுந்த முத்திரைக்குக் கீழே தம் கையெழுத்தும் இருக்கிறது.

"கிடைத்துவிட்டது!" என்று கூவினார்.

துரைமார் அதை வாங்கிப் பார்த்தார்கள். கொர்னேலிஸ் துரைக்கு ஒரு கணம் குழப்பம். "நம் மோதிரம் மஞ்சளாக அல்லவா இருந்தது?"

"உப்புத் தண்ணீர் பொன்னின் மஞ்சளைக் குடித்துவிட்டது" என்றார் துபாஷி.

"கல்?"

"நீரோட்டம் மிகுந்த கல் அல்லவா? நீரோடு நீராகக் கலந்துவிட்டது. மட்டமான கல்லாக இருந்தால் அப்படியே கிடந்திருக்கும்."

கொர்னேலிஸ் துரைக்குக் கண் கலங்கியது. மெட்டியை ஊதிப் பார்த்தார். நாக்கால் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. வாய் சேராத வளையத்தைச் சுட்டிக்காட்டி, எந்த விரலுக்கும் பொருந்தும்படி திறந்தே வைத்திருக்கும் இந்த நுட்பத்தை அன்றே கவனித்ததாகவும், அதனால்தான் திறந்து பார்க்காமலே முதல் தரம் கொடுத்ததாகவும் சொன்னார். யாக்கோப் துரையும் ஆமோதித்தார். அங்கேயே, படகிலேயே, அரக்கு உருகியது.

எல்லப்பனை விடுதலை செய்தார்கள். நம்பிக்கைக்கு உரியதல்ல என்று விரலையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த விரல் கொஞ்சம் கோணலாகவே ஆறியது. ஆனால் வலைக்கயிறு பிடிக்க அது போதுமானதாக இருந்தது. குப்பத்துப் படகுகள் திரும்பி வந்தன. ஏரி தெளிய மட்டும் கொஞ்ச நாள் ஆயிற்று.

விருந்தன்று கோட்டை முற்றத்தில் தோரணம் கட்டியிருந்தது. தாம் அனுப்பியது எங்கே என்று கேட்காமலே மைத்துனர் பட்டு மெத்தைமேல் வைத்துக் கொடுத்த பரிசைப் பெரிய துரை தம் சுண்டுவிரலில் அணிந்துகொண்டார். இப்படி ஓர் எளிமையான வேலைப்பாட்டைத் தாம் கண்டதே இல்லை என்று வியந்தார். பிறகு பெரியவர்களின் வழக்கப்படி கையை நீட்டினார். சபையார் வரிசையாக வந்து குனிந்து மோதிரத்தை முத்தமிட்டார்கள். கொர்னேலிஸ் துரை முத்தமிட்டார். யாக்கோப் துரை முத்தமிட்டார். எல்லாரையும்விட அதிக நேரம் குனிந்திருந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு முத்தமிட்டவர் துபாஷி வீரராகவன்.

மடைப்பள்ளி வாசலில் மீன்கூடைகளோடு ருக்குவும் எல்லப்பனும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ருக்கு குலுங்கினாள்.

"இன்னாடி சிரிக்கிற? யாராச்சும் பாத்துடப் போறாங்க" என்று எல்லப்பன் பயந்தான்.

"ஒண்ணுமில்லய்யா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் கால்ல கெடந்துச்சி, ஒரு நாளாவது நீ கும்புட்டிருப்பியா? அங்க பாரு, எவ்ளோ பெரிய மனுசனுங்கல்லாம் கும்புடுறானுங்க."